எங்கள் தெருவில் பனி அகற்றப்பட்டது

திண்டுக்கல்
18.11.2024

அன்பு மருமகள் லிடியாவுக்கு,

உன் தாய்மாமனும் இந்தச் சீமையில் மிச்சமிருக்கிற ஒரே நேர்மையாளனுமான சூசைமாணிக்கம் எழுதிக்கொண்டது. சூசையப்பர் கோயில் மணியின் மீது ஆணையிட்டுச் சொல்கிறேன்: இந்தக் கடிதத்தில் வரும் கதையை நீ நம்பமாட்டாய். உன் ஊர்த் தபால்காரர் தமிழ் கற்றுக்கொண்டு பிரித்துப் படித்தாலும் நம்பமாட்டார். எழுதுகிற எனக்கே பாதிதான் நம்பிக்கை. ஆனாலும் எழுதியாக வேண்டும். போனில் என்னை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாயே!

காரணம் எனக்குத் தெரியும். போன மாதம் குடும்பக் குரூப்பில், "லிடியா வீட்டைப் பனி மூடிவிட்டது, புகைபோக்கி வழியாகக் கயிறு கட்டிச் சாம்பார் இறக்குகிறார்கள்" என்று ஒரு சிறு செய்தி போட்டேன். உன் அம்மா அதை நம்பி ஜெபமாலையைக் கையிலெடுத்தவள் கீழே வைக்கவில்லை. நான் பிறந்ததிலிருந்து என்னைப் பார்க்கிறவள் நான் சொல்வதை நம்பலாமா? இதற்கு நீ அவளையல்லவா பிளாக் செய்திருக்க வேண்டும்!

போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன். கனடாவில் ஒரு நகர நிர்வாகத்தின் பனி அள்ளும் பிரிவில் நீ வேலை பார்க்கிறாய். வானத்திலிருந்து விழுகிற மலையைத் தெருவை விட்டு அப்புறப்படுத்துகிற வித்தை தெரிந்த கூட்டம் நீங்கள். அந்த வித்தை எனக்கு உடனே வேண்டும். உன் அம்மா வீட்டு வாசலில் ஒரு மலை முளைத்திருக்கிறது.

மழைக்கு முன்னால் சாக்கடை தூர் வாருகிறோம் என்று குத்தகைக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். கம்பெனியின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் பேனாவைக் குளிப்பாட்ட வேண்டிவரும். வாரினார்கள், குறை சொல்லக்கூடாது. கறுப்பு மண், உடைந்த சிலாப்புக் கல், பாட்டில், கண்ணாடிச் சில்லு, ஒற்றைச் செருப்புகள், எல்லாவற்றையும் வாரி, உன் அம்மா வாசல்படியை ஒட்டிக் குவித்தார்கள். "காயட்டும், காஞ்சதும் அள்ளிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காய்வதற்குள் மழை பிடித்தது. மழை விட்டு வெயில் அடித்ததும் இறுகிப் பாறையாகிவிட்டது.

உயரம் கேட்கிறாயா? கொடைக்கானல் வெட்கப்படும். காலையில் உச்சியில் மேகம் தங்குகிறது. அய்யலூர்ச் சந்தைக்குப் போன ஆட்டு லாரி ஒன்று வழி தவறி இந்தப் பக்கம் வர, ஆடுகள் குதித்து ஏறி, இறங்க மறுத்து, மேலேயே குட்டி போட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர்கள், "எதுக்கு அம்புட்டுத் தூரம் மலையேறணும்" என்று இங்கேயே ஆட்டோ பிடித்து வந்து போட்டோ எடுக்கிறார்கள்.

இதில் எது பொய் என்று பிரித்துக்கொண்டிருப்பாய். பிரிக்கத் தேவையில்லாத ஒன்றைச் சொல்கிறேன். முட்டி ஆபரேஷன் முடிந்து வந்த உன் அம்மா, தினமும் வாக்கரைப் பிடித்துத் தெருவில் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் முட்டி இறுகிவிடும், அப்புறம் மடங்காது என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். வீட்டுக்குள் நடக்க ஏது இடம்? கட்டிலை விட்டு எழுந்தால் அடுப்படி, அடுப்படியில் திரும்பினால் கட்டில். மலை வந்ததிலிருந்து அவள் தன் காலால் வாசல்படி தாண்டவில்லை.

ஒரே ஒரு தடவை டாக்டரிடம் போனாள். எப்படித் தெரியுமா? பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாங்கள் நாலு பேர் தோளுக்குத் தூக்கி, மலையைத் தாண்டினோம். சப்பர பவனி மாதிரி இருந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. எவனோ ஒரு பாவி "மரியே வாழ்க" என்று வேறு கத்திவிட்டான். (எவன் என்று உன் அம்மாவிடம் கேட்காதே.) வீடு திரும்பியதும் சொன்னாள்: "இனிமே என்னையத் தூக்குனீக, உங்க அம்புட்டுப் பேரு கையையும் ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்." அதன் பிறகு டாக்டரிடமும் போகவில்லை.

உன்னிடம் போனில் "நல்லா நடக்கேன்" என்கிறாளாமே. எனக்கு இருக்கிற அதே வியாதிதான். ஒரு வயிற்றில் பிறந்தோம், வேறு எப்படி இருக்கும்?

வித்தையை எழுது.

இப்படிக்கு,
மலையடிவாரத்திலிருந்து உன் மாமன்
சூசைமாணிக்கம்

---

கனடா
6.12.2024

மாமாவுக்கு,

"அன்புள்ள" போடவில்லை, கவனித்திருப்பீர்கள்.

கடிதம் கிடைத்த அன்றே அம்மாவைக் கேட்டேன். "அவன் பேச்சைக் கேக்காத. வாசல்ல கொஞ்சம் மண்ணு கெடக்கு, அம்புட்டுதான். நீ சாப்டியா?" என்றாள். வீடியோவில் வாசலைக் காட்டச் சொன்னேன். சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டாள். நீங்கள் எதையும் கூட்டிச் சொல்பவர். அம்மா எதையும் குறைத்துச் சொல்பவள். இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயோ என் அம்மாவின் முட்டி இருக்கிறது. அது எப்படி இருக்கிறது என்று ஏழு கடல் தாண்டி உட்கார்ந்து நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

வித்தை கேட்டீர்கள். இங்கே வித்தை ஒன்றும் இல்லை, வரிசைதான் இருக்கிறது. பனி விழுந்ததும் முதலில் பெரிய சாலைகள். பிறகு பஸ் போகிற சாலைகள், ஆஸ்பத்திரிப் பக்கம். அதன் பிறகு, நாள் கணக்கில் கழித்து, வீடுகள் இருக்கிற சின்னத் தெருக்கள். முன்னால் பெரிய தகடு மாட்டிய வண்டிகள் பனியைத் தள்ளிக்கொண்டு போகும். பின்னாலேயே உப்புத் தூவுவார்கள். ரொம்பக் குளிர்ந்தால் உப்பும் வேலை செய்யாது. அப்போது வழுக்காமல் இருக்க மணல். தெருவில் காரை நிறுத்தாதே என்று முன்கூட்டியே சொல்வார்கள், மீறினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டு முன்னால் இருக்கிற நடைபாதையை அவரவர்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

இதில் என் வேலை வண்டி ஓட்டுவது இல்லை. போன் எடுப்பது. "என் தெருவுக்கு எப்போது வருவீர்கள்?" என்று ஊரே திட்டும். "உங்கள் தெரு வரிசையில் இருக்கிறது" என்று நான் சொல்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தகடு வண்டி நடுத்தெருவைச் சுத்தம் செய்யும்போது பனியை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போகும். வயல் வரப்பு மாதிரி நீளமாக, ஒவ்வொரு வீட்டு வாசலையும் அடைத்துக்கொண்டு கிடக்கும். அது உறைந்தால் கடப்பாரை போட்டாலும் உடையாது. தெரு சுத்தம், வாசல் அடைப்பு. எனக்கு வருகிற திட்டில் பாதி இந்த வரப்புக்காகத்தான்.

போதுமா? இப்போது நான் கேட்கிறேன். ஒரு ஆளைப் பிடித்து அந்த மண்ணை அள்ளிப் போட உங்களுக்கு என்ன கேடு? இவ்வளவு பெரிய கடிதம் எழுத நேரம் இருக்கிறது, மண்வெட்டி பிடிக்க நேரம் இல்லையா? உங்கள் அக்கா உள்ளே கிடக்கிறாள், நீங்கள் ஆடு குட்டி போட்ட கதை எழுதுகிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாமா.

பிளாக்கை எடுக்கமாட்டேன்.

லிடியா

---

திண்டுக்கல்
8.1.2025

கோபக்கார மருமகளுக்கு,

"மண்வெட்டி பிடிக்க நேரம் இல்லையா" என்று என்னைக் கேட்டுவிட்டாய். அந்த வரியைப் படித்ததும் என் மீசை நரைத்தது. (ஏற்கெனவே நரைத்திருந்தது. இன்னும் நரைத்தது.) கேள்.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து டிராக்டர்காரர் ஒருவரைக் கூட்டி வந்தேன். இறங்கிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "அள்ளிறலாம். எங்கன கொட்ட?" என்றார். குப்பைக் கிடங்கில் கம்பெனி வண்டி தவிர வேறு வண்டியை உள்ளே விடமாட்டார்கள். குளத்துக்கரையில் கொட்டினால் வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள். "உங்க வயல்ல கொட்டிக்கங்களேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாக்கடை மண்ணுய்யா. கண்ணாடி கெடக்கு. இதுல வெண்டைக்கா வெளஞ்சா நீ திம்பியா?" வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். திருப்புவதற்குள் இரண்டு வீட்டுச் சுவரை உரசியது வேறு கதை.

சரி, பக்கத்தில் தள்ளுவோம் என்று பார்த்தேன். எங்கள் தெருவின் பழக்கம் உனக்கு மறந்திருக்காது. தண்ணீரோ குப்பையோ, தன் எல்லையில் நிற்பதை அடுத்த வீட்டு எல்லைக்குத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவோம். அவர்கள் அதற்கு அடுத்த வீட்டுக்குத் தள்ளுவார்கள். உலகம் உருண்டை என்பதைக் கண்டுபிடித்ததே எங்கள் தெருதான்; தள்ளியது ஒரு சுற்றுச் சுற்றி நம் வாசலுக்கே வந்துவிடும். அடுத்த வீடு சுகன்யா வீடு. அந்தப் பிள்ளை மாசமாக இருக்கிறது. நான் மண்வெட்டியை ஓங்கியதும் ஜன்னலில் உன் அம்மா தலை தெரிந்தது.

"ஏலே சூசை! எங்க தள்ளுற?"

"கொஞ்சூண்டு நகத்துறேன்க்கா."

"வயித்துப் பிள்ளக்காரி வாசல்லயா? அவ தடுக்கி விழுந்தா நீ பொறுப்பாடா? கெடக்கட்டும் எங்கிட்டயே. மம்பட்டியக் கீழ போடு!"

போட்டேன். பலகை போட்டுப் பார்த்தேன். வாக்கரின் கால் பலகை இடுக்கில் மாட்டி அவளே விழப் பார்த்தாள். ஆகவே மண்வெட்டி பிடிக்காதவன் என்று என்னைச் சொல்லாதே. என் தியாகத்தைக் கல்லில் வெட்ட வேண்டும். அந்தக் கல்லும் அந்தக் குவியலுக்குள்தான் கிடக்கிறது.

இனி நம்ப முடியாத பகுதி. கம்பெனியின் புகார் மையத்தில் நான் எத்தனை தடவை மனு கொடுத்தேன் என்பது அந்தக் கர்த்தருக்கே தெரியும். கொடுத்த ஒவ்வொன்றுக்கும் போனில் ஒரே செய்தி: "தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது. மனு முடிக்கப்பட்டது." செய்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்ப்பேன். மலை என்னைப் பார்த்துச் சிரிக்கும். எவ்வளவு திமிர், லிடியா! பொய் சொல்வதில் இந்த ஜில்லாவில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று இத்தனை காலம் இறுமாந்திருந்தேன். நான் பொய் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கிறது, கைகளை ஆட்ட வேண்டியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது. அவர்கள் யோசிக்காமலே சொல்கிறார்கள்.

இவர்கள் மனுவைப் படிக்கிறார்களா என்று சோதித்துவிட முடிவு செய்தேன். உன் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு இப்படி எழுதினேன்:

"ஐயா, எங்கள் தெருவில் கடந்த சில வாரங்களாகக் கடும் பனி பொழிந்து, வரப்பு வரப்பாக உறைந்து கிடக்கிறது. பென்குயின் பறவைகளின் தொல்லையும் உள்ளது. தகடு மாட்டிய வண்டி அனுப்பிப் பனியைத் தள்ளி, உப்பும் மணலும் தூவித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

நான் இதை எழுதும்போது மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பனியன் நனைந்திருந்தது. கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

பதில் வந்துவிட்டது, மருமகளே. பிரிண்ட் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், கண்ணாடி போட்டுப் பார்: "தங்கள் தெருவில் பனி அகற்றப்பட்டது. மனு முடிக்கப்பட்டது."

பென்குயின்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

பனியற்ற தெருவிலிருந்து,
சூசைமாணிக்கம்

---

கனடா
27.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அந்தத் தாளைப் பார்த்து ஆபீசில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி என்ன என்று கேட்டாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவளும் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டோம். ஏன் என்று சொல்கிறேன். சொல்லும்போதே உங்கள் மேல்தான் ஆத்திரமாக வருகிறது.

வால்ட்டர் என்று ஒருவர். சக்கர நாற்காலியில் இருப்பவர். பனி விழுகிற போதெல்லாம் எனக்குப் போன் செய்வார். அவர் வீட்டு முன்னால் நடைபாதை சரிந்து தெருவில் இறங்குகிற இடத்தை, வண்டி ஒதுக்கிய வரப்பு அடைத்துக்கொள்கிறது. பஸ் நிறுத்தத்துக்குப் போக முடியாது. போன வாரமும் கூப்பிட்டார். திரையைப் பார்த்து, "ஐயா, உங்கள் தெருவில் வண்டி போய்விட்டதே" என்றேன். அவர் கத்தவில்லை. "ஆமாம் அம்மா, வண்டி போனதால்தான் நான் மாட்டிக்கொண்டேன்" என்றார். நான் என்ன செய்தேன்? "முடிந்தது" பட்டனை அழுத்தினேன். வண்டி போயிருந்தால் அழுத்த வேண்டும் என்பதுதான் விதி. வரப்புக்கு எங்கள் திரையில் இடமே இல்லை.

பனி அகற்றப்பட்டது என்று உங்களுக்கு எழுதியவர்களை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை. என் வேலை எனக்குப் பிடித்திருந்தது, மாமா. நன்றாகக் கெடுத்தீர்கள்.

அம்மா ஒருவழியாகப் போனை வாசல் பக்கம் திருப்பினாள். நான் அழுததால்தான் திருப்பினாள். ஜன்னல் கட்டை வரை கறுப்பாக நிற்கிறது. நீங்கள் ஆட்டையும் மேகத்தையும் தவிர வேறு எதையும் கூட்டிச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன். "ஏம்மா சொல்லல?" என்றேன். "சொன்னா நீ அங்கன இருந்து அள்ளவா போற?" என்றாள். இந்தக் குளிர்காலத்தில் எனக்கு லீவு கிடையாது. பனி நிற்கும் வரை எங்கள் பிரிவில் யாரும் நகர முடியாது. பத்தாயிரம் தெருவின் பனிக்கு நான் பதில் சொல்கிறேன். என் அம்மா வாசல் மண்ணுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லித்தருகிறேன். எங்கள் ஊரில் பனியை அகற்றினால் அது மாயமாகிவிடாது. லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டுவார்கள். அங்கே அது அழுக்கு மலையாகக் கோடை வரை உருகாமல் கிடக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அதனால் அவர்களிடம் நேரில் போய், "ஏன் பொய் சொன்னீர்கள்" என்று கேட்காதீர்கள். அதற்கு ஆயிரம் பதில் வைத்திருப்பார்கள், எனக்கே தெரியும். "அகற்றினீர்களே, எங்கே கொட்டினீர்கள்?" என்று கேளுங்கள்.

அம்மா முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்து எழுதுங்கள். அதில் விளையாட வேண்டாம்.

லிடியா

---

திண்டுக்கல்
20.2.2025

மருமகளே,

போனேன். அலெக்சாண்டர் இந்தியாவுக்குள் நுழைந்தது போல அந்தப் புகார் மையத்துக்குள் நுழைந்தேன். வெள்ளை வேட்டி, கையில் உன் ஆயுதம். எனக்கு முன்னால் இருந்த வரிசை தானாகவே விலகி வழிவிட்டது என்று எழுத ஆசைதான். விலகவில்லை. நின்று, கால் கடுத்துத்தான் போய்ச் சேர்ந்தேன்.

கவுன்ட்டரில் அன்புக்கரசி என்று ஒரு பிள்ளை. தாளை நீட்டினேன்.

"ஏத்தா, இந்தப் பனிய எங்கன கொட்டுனீக?"

"எந்தப் பனி சார்?"

"நீங்க அகத்துன பனிதான். போட்டிருக்கே."

வாங்கிப் படித்தாள். முகம் வெளுத்தது. "சார்... இத நான் படிக்கல சார்."

"படிக்காமத்தான் முடிச்சியா?"

"வண்டி தெரு முக்குக்கு வந்தாலே கம்ப்யூட்டர்ல பச்சை விழுந்துரும் சார். பச்சை விழுந்தா நான் முடிச்சிரணும். உங்க தெரு குறுகல்னு வண்டி உள்ள போகாது. முக்குல நின்னு டீயக் குடிச்சிட்டுத் திரும்பிரும். நான் முடிக்காம வச்சிருந்தா சாயங்காலம் என்னையத்தான் வாங்கு வாங்குனு வாங்குவாங்க."

உன் கடிதத்தில் இருந்த பட்டன் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கர்ஜிக்க எடுத்த மூச்சை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்குள் பின்னால் நின்றவர் தாளை எட்டிப் பார்த்துவிட்டார். "என்னது, திண்டுக்கல்லுல பனிய அள்ளிட்டாகளா?" என்று ஒரு சத்தம். வரிசை முழுக்கப் பரவியது. "யம்மா, எங்க தெருவுலயும் ஐஸு மலை நிக்கி, எழுதிக்க!" "எங்க தெருவுல பனிக்கரடி வந்து தண்ணிக் குழாய ஒடச்சிருச்சு!" "எனக்கு ரெண்டு பென்குயின் பிடிச்சுக் குடுங்கப்பா!" நான் சும்மா இருந்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். சும்மாதான் இருந்தேன். என்னைவிட நன்றாகச் செய்தார்கள்.

சத்தம் கேட்டு உள்ளே இருந்து மேனேஜர் வந்தார். இஸ்திரி போட்ட மனிதர். அவரிடமும் அதையே கேட்டேன்: "எங்க கொட்டுனீக?" அவர் தாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், அந்தப் பிள்ளையைப் பார்த்தார். "தப்பு நடந்துருச்சு சார். இந்தப் பொண்ண இன்னைக்கே வேலைய விட்டு எடுத்துர்றேன். திருப்திதானே?"

லிடியா, எனக்கு வந்த கோபத்தை எழுத இந்த உலகத்தில் மை போதாது. நான் மண்ணை எடுக்கச் சொல்லி வந்தேன். மாதக்கணக்கில் எடுக்க முடியாதவன், ஒரு பிள்ளையை ஒரு நிமிஷத்தில் எடுக்கிறேன் என்கிறான்! அந்த வேகத்தில் பாதி அந்தக் குவியல் மேல் இருந்திருந்தால் என் அக்கா இந்நேரம் பழனிக்கே நடந்திருப்பாள். "அந்தப் பிள்ளையத் தொட்டீரு, இந்தத் தாள ஊருல உள்ள அம்புட்டுப் பத்திரிகைக்காரன் கையிலயும் குடுப்பேன். வண்டி போகாதுன்னா தள்ளுவண்டிய விடும்யா! ஆளு நுழையற தெருவுக்குள்ள ஆள விட முடியாதா?" என்று கேட்டேன். கேட்டது நான்தான். குரல் என்னுடையது மாதிரி இல்லை.

அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை.

நீ விளையாட வேண்டாம் என்ற விஷயம். பயிற்சி சொல்லித்தருகிற தம்பியை வீட்டுக்கே கூட்டி வந்தேன். குவியலைத் தாண்டித்தான் வந்தார். முட்டியை மடக்கிப் பார்த்தார். உன் அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டாள். வெளியே வந்து என்னிடம், "ரொம்ப லேட் பண்ணிட்டீங்க சார்" என்றார். நான் லேட் பண்ணினேனாம்.

சூசைமாணிக்கம்

---

கனடா
10.3.2025

மாமா,

தள்ளுவண்டி வந்ததா? முட்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலே அம்மா, "அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிடுகிறாள். எந்நேரமும் அடுப்பில் பால் இருக்கிறது.

வால்ட்டரின் புகாரை இந்தத் தடவை நான் முடிக்கவில்லை. திரையில் சிவப்பாகவே கிடக்கிறது. மேலதிகாரி கேட்டார். வந்து தெருவைப் பாருங்கள் என்றேன். அவருக்கு என் மேல் வருத்தம். கிடக்கட்டும். அன்புக்கரசிக்கு வேலை இருக்கிறதா?

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிட வேண்டாம், சிரிக்க வைத்துவிடுவீர்கள். எழுதுங்கள். கொஞ்சமாவது உண்மையாக.

லிடியா

---

திண்டுக்கல்
25.3.2025

அன்பு மருமகளுக்கு,

வெற்றி! ஏழு யானைகள் முன்னால் வர, பீரங்கி முழங்க, மேனேஜர் இஸ்திரிச் சட்டையோடு தலையில் கூடை சுமந்து, "என் பிழையே, என் பிழையே" என்று மார்பில் அடித்துக்கொண்டு மலையை அள்ளினார். ஹெலிகாப்டரில் கயிறு கட்டிச் சிலாப்புகளைத் தூக்கினார்கள். மேலே குடித்தனம் நடத்திய ஆடுகளுக்கு மாற்று இடத்தில் பட்டா வழங்கப்பட்டது.

சரி. நீ உண்மை கேட்டாய்.

தள்ளுவண்டிகளோடு ஆட்கள் வந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். கடப்பாரையால் இடித்து, கூடையில் அள்ளி, முக்கில் நின்ற வண்டி வரை தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருத்தர் கையிலும் உறை இல்லை. மேனேஜர் நிழலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சில்லு ஒரு பெண்ணின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஜன்னலில் இருந்து பார்த்த உன் அம்மா பழைய சேலையைக் கிழித்து நீட்டிவிட்டு, தெரு அதிரக் கத்தினாள்: "யோவ் போட்டோக்காரா! அந்தப் பிள்ள கைய எடு படம்! அதையும் அகத்தியாச்சுன்னு போடு!" அந்த ஆள் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்புக்கரசிக்கு வேலை இருக்கிறது; இன்னும் அதே கவுன்ட்டர்தான். மத்தியானத்துக்குள் தெரு மறுபடியும் தெருவாகிவிட்டது. மொத்தமே அரை நாள் வேலை, லிடியா. இதற்குத்தான் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை உன் அம்மாவை உள்ளே பூட்டி வைத்திருந்தார்கள்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். முட்டி இனி இவ்வளவுதான் மடங்கும் என்று கையால் காட்டினார். கோயிலில் முழந்தாளிட முடியாது. ஆட்டோ வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், "மண்ண அள்ளிட்டாக. முட்டிக்கு எந்த ஆபீஸ்லடா மனுக் குடுக்க?" என்று கேட்டாள். எனக்கு வாயில் பொய் வரவில்லை. எனக்கே!

இன்று காலை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். உன் அம்மா விடிந்ததும் வாக்கரைத் தூக்கி எறிந்தாள். ஒரே தாவலில் வாசல்படி இறங்கினாள். மலைக்கோட்டை மேல் ஓடி ஏறி, உச்சியில் நின்று ஊரைப் பார்த்துக் கூவினாள். அங்கிருந்து குதித்துக் கொடைரோட்டில் வைகை எக்ஸ்பிரசை மறித்து, அதற்கு முன்னால் ஓடி வந்து, மூச்சிரைக்காமல் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

அத்தனையும் பொய். அதில் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். வாசல்படி இறங்கினாள். வாக்கரோடு, யாரும் பிடிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து மின்கம்பம் வரை போனாள். கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேர்த்து ஊற்றியது. "போதும்க்கா, திரும்புவோம்" என்றேன்.

"நீ வேணா போ" என்றாள்.

உன் மாமன்
சூசைமாணிக்கம்